பரலோகத்தின் சந்தோஷம் இன்றைக்கே



பரலோகத்தைக் குறித்து நாம் எப்போது பேசுகிறோம்? பெரும்பாலும் அடக்க ஆராதனையில்தான். மற்ற நாட்களில் பிள்ளைகளின் படிப்பு, வேலை, திருமணம், சரீரசுகம் ஆகியவற்றோடு நம் ஜெபங்கள் நின்றுவிடுகின்றன. இவற்றிற்காக ஜெபிப்பது நல்லதே. ஆனால் இவை கிடைத்தால் களிப்பு, தாமதித்தால் சோர்வு என்று ஆத்துமா அலைக்கழிக்கப்படுகிறது.

எழுபது சீஷர்கள் ஊழிய வெற்றியோடு திரும்பி வந்தபோது, பிசாசுகளும் தங்களுக்குக் கீழ்ப்படிவதைச் சொல்லி மகிழ்ந்தார்கள். ஆண்டவரோ, அவர்களுடைய பெயர்கள் பரலோகத்தில் எழுதப்பட்டிருப்பதற்காகச் சந்தோஷப்படச் சொன்னார் (லூக்கா 10:20). மரித்தபின் தொடங்கவேண்டிய சந்தோஷமன்று அது. பயணத்தின் புழுதி காலில் ஒட்டியிருக்கும்போதே அனுபவிக்கவேண்டியது. வெற்றி இன்று வரும், நாளை போகும். அங்கே எழுதப்பட்ட பெயர் நிலைத்திருக்கும்.

பரலோக சிந்தை மனிதனைப் பூமியின் கடமைகளுக்கு உதவாதவனாக்கும் என்பர் சிலர். இங்கிலாந்தின் போதகர் ரிச்சர்ட் பாக்ஸ்டரை நினைத்துப்பாருங்கள். நோயுற்று மரணத்தை எதிர்நோக்கியிருந்த வேளையில், பரிசுத்தவான்களின் நித்திய இளைப்பாறுதலைத் தியானித்து எழுதத் தொடங்கினார். அந்நூல் 1650-இல் வெளிவந்தது. அவரோ 1691 வரை வாழ்ந்தார். கிடர்மின்ஸ்டர் என்னும் ஊரில் குடும்பம் குடும்பமாக மக்களுக்கு விசுவாசத்தின் அடிப்படைகளைக் கற்பித்தார். மனச்சாட்சியினிமித்தம் சிறைக்கும் சென்றார். பரலோகத்தை நோக்கிய கண்கள் அயலகத்தாரை மறக்கவில்லை.

துணையை இழந்த தாய்மார் சிலர் என்னிடம், "ஐயா, அங்கே அவரை அடையாளம் கண்டுகொள்வேனா?" என்று கேட்பதுண்டு. உயிர்த்தெழுந்த ஆண்டவர் மரியாளைப் பெயர்சொல்லி அழைத்தார். அவள் உடனே அவரை அறிந்துகொண்டாள் (யோவான் 20:16). மரணம் அந்த அன்பை அழித்துவிடவில்லை. ஆகவே நம்பிக்கையோடு காத்திருங்கள். அழுவதற்கும் தடையில்லை, நம்பிக்கையற்றவர்களைப்போல அழவேண்டாம் என்பதே அப்போஸ்தலனின் ஆலோசனை (1 தெசலோனிக்கேயர் 4:13).

எனினும் பரலோக சந்தோஷத்தின் மையம் தேவனே. பத்மு தீவில், தான் நேசித்த சபைகளைவிட்டுக் கடலால் பிரிக்கப்பட்டிருந்த யோவான், சமுத்திரம் இல்லாத புதிய பூமியைக் கண்டார். அங்கே தேவன் மனிதரோடு வாசம்பண்ணுகிறார். தாமே அவர்களுடைய கண்ணீரைத் துடைக்கிறார் (வெளிப்படுத்தின விசேஷம் 21:1-4). அந்தக் கரம் இன்று உங்களுக்கு அந்நியமானதன்று. ஜெபத்திலும் திருவிருந்திலும் நீங்கள் அறிந்திருக்கிற அதே ஆண்டவருடைய கரம் அது.

இவ்வாரம் நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வெளிப்படுத்தின விசேஷம் 21, 22 அதிகாரங்களைச் சிறிது சிறிதாக வாசியுங்கள். உங்கள் கவலைகளை அடுக்குமுன், உங்கள் பெயர் எழுதப்பட்டிருப்பதற்காக ஸ்தோத்திரம் செலுத்துங்கள். கவலை அப்படியே இருக்கலாம்; ஆனால் அது இனி உங்கள் சந்தோஷத்தின் எஜமானாக இராது.

ஆண்டவரே, நீர் எங்களுக்கு ஆயத்தம்பண்ணுகிற இடத்தின் சந்தோஷத்தை, நாங்கள் உழைக்கும் இடத்திலேயே ருசிபார்க்கச் செய்தருளும். ஆமென்.