மருதமடுத் திருப்பதி

மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் நெடுவீதியிலே மடுச் சந்தி என்றோர் இடம் உண்டு. அங்கிருந்து வடபால் பிரியும் பாதை பாலையும் முதிரையும் அடர்ந்த காட்டினூடே செல்கின்றது. காட்டின் நடுவே திடீரென ஒரு வெளி தோன்றும்; அவ்வெளியிலே வெண்ணிற முகப்புடன் நிமிர்ந்து நிற்பது மருதமடு மாதாவின் ஆலயம். பட்டினத்திலே எழுந்திருக்க வேண்டிய இத்துணைப் பெரிய கோவில் காட்டின் நடுவே எழுந்தது ஏன் என்ற வினா, முதன்முறை செல்வோர் எவர்க்கும் எழுதல் இயல்பே.

அதற்கு விடை காண நாம் மாந்தைக்குச் செல்லவேண்டும். மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலத்தின் கரையிலே உள்ள மாந்தை, பாடல் பெற்ற திருக்கேதீச்சரம் விளங்கும் பழம்பதியாகும். 1544ஆம் ஆண்டிலே, புதிதாகக் கிறித்துவம் தழுவிய மன்னார் மக்கள் ஏறக்குறைய 600 பேரை யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி கொல்வித்தான். பின்னர் போர்த்துக்கேயர் அதிகாரம் பெற்றபோது திருக்கேதீச்சரம் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குச் சென்றன என்பர். அரசனது வாள் எப்பக்கம் நின்றதோ அப்பக்கத்துச் சமயம் ஓங்கியது, மறுபக்கத்தது துன்புற்றது.

1658ஆம் ஆண்டிலே மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைப்பட்டன. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர்; அவர்க்கு இடங்கொடுப்போர்க்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. நேற்றுவரை அரசாங்கச் சமயமாயிருந்தது இன்று தடை செய்யப்பட்ட சமயமாயிற்று. ஒல்லாந்தரும் கிறித்துவரே என்பதை மாணவர் மறத்தலாகாது. ஆதலின், அரசின் சமயத்துக்கு மாறிப் பதவியும் நிலமும் பேணுதல் அன்று எளிதாயிருந்தது. பலர் அவ்வாறே செய்தனர். ஆயினும், மாந்தையிலிருந்து 20 குடும்பத்தினர், 1670ஆம் ஆண்டளவில், தாம் வணங்கிய மாதாவின் சிலையைச் சுமந்துகொண்டு ஒல்லாந்தர் ஆணை செல்லாத இக்காட்டினுள் புகுந்தனர் என்பது மடுவின் மரபு.

அவர்களை இயக்கிய நம்பிக்கை யாது? தம்மை விசாரித்த உரோம ஆளுநன் பிலாத்துவின் அதிகாரமும் மேலிருந்து வந்ததே என்று இயேசு கூறியதாக யோவான் எழுதிய நற்செய்தி உரைக்கின்றது. இக்கொள்கை இருபுறமும் கூருடையது. அரசு இறைவன் அனுமதித்தது. ஆதலின் வரி செலுத்துக, சட்டத்துக்கு அமைக என்பது ஒருபுறம். அரசு இறைவனாகாது, ஆதலின் வழிபாட்டை விடுக என்று அது பணித்தால் கீழ்ப்படிதல் கடனன்று என்பது மறுபுறம். பல்லவ மன்னன் முன் அஞ்சாது நின்ற நாவுக்கரசரை அறிந்த நமக்கு இவ்வுறுதி புதிதன்று.

குருவின்றி ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழிந்தன. 1687ஆம் ஆண்டில் கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். கோவாவிலிருந்து வந்த அவ்வடிகளுக்குப் பின்னே படையுமில்லை, பொருளுமில்லை. சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். பின்னர் அவர் கண்டி சென்றபோது, போர்த்துக்கேயரின் ஒற்றன் என்ற ஐயத்தால் 1692ஆம் ஆண்டிலே சிறையிடப்பட்டார். அவர் அரசனைப் பழிக்கவில்லை. சிறையிலேயே சிறு குடிலமைத்து வழிபட்டார். பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் அவரது தூய்மையை உணர்ந்து உரிமையளித்தான். 1697ஆம் ஆண்டில் அம்மைநோய் பரவி ஊரார் ஓடியபோது, அடிகள் எச்சமயத்தார் என்று கேளாமல் நோயாளரைப் பேணினார். 1711ஆம் ஆண்டு கண்டியிலே உயிர்நீத்த அவர், 2015ஆம் ஆண்டு தை மாதம் கொழும்பிலே புனிதராக உயர்த்தப்பட்டார். அன்றே பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கும் வந்து வழிபட்டார்.

ஒல்லாந்தர் விதித்த தடைகளை ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டில் நீக்கினர். ஆயினும் மடுவின் சோதனை அத்துடன் தீரவில்லை. 1999ஆம் ஆண்டு கார்த்திகையிலே, இங்கே தஞ்சம் புகுந்திருந்தோர் மீது எறிகணை வீழ்ந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2008ஆம் ஆண்டிலே சிலை மீண்டும் பெயர்ந்து, தேவன்பிட்டிக்குச் சென்று, சில மாதங்களின் பின் திரும்பியது. இறைவனே அரசர்க்கரசன் என்று நம்புதல் துன்பம் வாராது என்று நம்புதலன்று என்பதை இவ்வாலயத்து முற்றத்திலே நிற்போர் உணர்வர். துன்பம் இழைப்போன் சொல்லே இறுதிச் சொல் அன்று என்பதே அந்நம்பிக்கை.

யூலை 2ஆம் திகதியும் ஆகஸ்டு 15ஆம் திகதியும் இங்கு பெருவிழா நிகழும். தமிழரும் சிங்களவரும் மரநிழலிலே கூடாரமடித்து அருகருகே சமைத்துண்பர். சைவரும் வந்து விளக்கேற்றுவர். பாம்புக்கடிக்கு மருந்தென மடுமண் எடுத்துச் செல்வோரும் உளர். அமைதியை நாடுவோர் விழா இல்லாத நாளிலே செல்லுதல் நன்று. அப்படிச் செல்வோர் மன்னார் வீதி வழியே மேலும் மேற்கே சென்று, மீண்டும் எழுந்து நிற்கும் திருக்கேதீச்சரத்தையும் தரிசித்து வருவாராக. இடித்தவர் கோட்டை பாழடைந்தது. துரத்தியவர் ஆணை ஏட்டிலே உறங்குகின்றது. இரு கோவில்களிலும் மணி ஒலிக்கின்றது.