உம்மாவின் ரிஹால்

திருக்குர்ஆனை வைத்து ஓதுகின்ற ரிஹால் நம் இல்லங்கள்தோறும் உண்டு. இரண்டு பலகைகளைக் குறுக்கே சேர்த்துச் செய்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். முறைப்படி செய்த ரிஹாலோ ஒற்றைப் பலகையால் ஆனது. தடித்த பலகையின் இரு முனைகளிலிருந்தும் அதன் கனத்தின் நடுவே ரம்பத்தால் அறுத்து வருவார்கள். இடையில் சிறிது இடத்தை அறுக்காமல் விட்டு, அவ்விடத்தில் இரு பக்கமும் மாறி மாறி உளியால் கொத்திக் கணுக்களைப் பிரிப்பார்கள். பிறகு விரித்தால், கோத்த கைவிரல்கள் தளர்வதைப் போலப் பலகை விரியும். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஹிஜ்ரி 761-இல், அதாவது கி.பி. 1360-இல், ஹசன் பின் சுலைமான் இஸ்ஃபஹானி என்பவர் செய்த தேக்கு ரிஹால் இன்றும் இருக்கிறது. கொடியும் பூவும் எழுத்தணியும் அதில் நிறைந்துள்ளன.

அழகு ஒருபுறம் இருக்கட்டும். தரையில் கால் மடித்து அமர்ந்து, கழுத்தைச் சற்றே தாழ்த்தும் உடலுக்காகப் பிறந்த பொருள் அது. கால் மடங்காவிட்டால்?

என் உம்மாவுக்கு வயது 74. மூட்டுவலியால் தரையில் அமர்வதை விட்டுவிட்டார். ரிஹாலை மேசைமேல் வைத்துக் கொடுத்தோம். அது நெஞ்சுக்கு மேலே உயர்ந்து நின்றது. பக்கம் புரட்டத் தோளைத் தூக்க வேண்டியிருந்தது. நாளுக்கு ஒரு ஜுஸ்உ ஓதி வந்தவர், நான்கைந்து பக்கங்களோடு மூடிவைக்கத் தொடங்கினார். கேட்டால், "கண் மங்குகிறது" என்பார். கண் மருத்துவரோ கண்ணில் குறையில்லை என்றார்.

கீரப்பாளையத்தில் எங்களுக்குத் தெரிந்த ஆசாரியார் ஒருவர் இருக்கிறார். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத் தொழிலைப் பயின்றவர். உயரமான ரிஹால் ஒன்று வேண்டும் என்றதும் அளவு நாடாவை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "ஓதுங்கள் அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று திண்ணையோரம் அமர்ந்துவிட்டார். உம்மா ஓதியதையும், நாற்காலியிலிருந்து எழுந்ததையும், மீண்டும் அமர்ந்ததையும் அரைமணி நேரம் பார்த்தார்.

சிதம்பரம் கோபுர வாயில்களில் நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களைக் கல்லில் வடித்திருக்கிறார்கள். இளமையில் அவற்றின்முன் நாள்கணக்கில் நின்றவராம் அவர். "எல்லோரும் தூக்கிய காலைப் பார்ப்பார்கள், பாரம் தாங்கும் காலில்தான் சிற்பியின் வேலை இருக்கிறது" என்றார். நம் வீட்டுப் பொருள்களில் உருவம் செதுக்குவதில்லை என்பதை அவர் அறிவார். ஆனால் உருவம் இல்லாமலே உடலைச் செதுக்கலாம் என்பதை அன்றுதான் கண்டேன்.

எழுந்து நிற்கும் எவரும் பாதங்களை முழங்காலுக்குப் பின்னே இழுத்து, உடலை முன்னே சாய்த்தாக வேண்டும். உம்மாவின் நாற்காலியில் முன்கால்களுக்கிடையே இருந்த குறுக்குச் சட்டம் பாதங்களைத் தடுத்தது. அதை நீக்கிப் பக்கச் சட்டங்களைத் தடிப்பாக்கினார். வலக்கையை ஊன்றியே உம்மா எழுவதால், அந்தக் கைப்பிடியின் முனையை உள்ளங்கை நிறையும்படி உருட்டினார். ரிஹாலுக்கு மடிக்கு மேலே வந்து நிற்கும் ஒற்றைக் கால். உம்மா எழும்போது இடக்கையால் ஒதுக்கினால் பக்கவாட்டில் திரும்பிவிடும். இடக்கை படும் விளிம்பிலிருந்துதான் கொடி வேலை தொடங்குகிறது. விரல் பதிய வேண்டிய இடத்தில் இலைகளை ஆழமாகவும், புத்தகம் சாயும் இடத்தில் ஒன்றுமே இல்லாமலும் விட்டிருக்கிறார். கூலியைக் கேட்டபோது மரத்தின் விலையைத்தான் முதலில் சொன்னார். தொழிலாளிகள் எல்லோருக்கும் உள்ள கூச்சம்.

உம்மா இப்போது சுபுஹுக்குப் பின் முழு ஜுஸ்உ ஓதுகிறார். கண்ணைப் பற்றிய பேச்சே இல்லை.

பழைய ரிஹால் என் மகளிடம் சேர்ந்துவிட்டது. மத்ரஸாப் பிள்ளைகளின் வழக்கப்படி முன்னும் பின்னும் ஆடி ஆடி அவள் ஓதும்போது அதன் கணு கிறீச்சிடுகிறது. எண்ணெய் விடலாமா என்று ஆசாரியாரிடம் கேட்டேன். எண்ணெய் தாளில் கறை ஏற்றும், மெழுகைத் தேய்த்தால் போதும் என்றார்.