விலகிய நரம்புகள்

வளர்ச்சி என்றாலே நமக்குச் சேர்மானம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. குழந்தைக்கு எடை கூட வேண்டும். பல் முளைக்க வேண்டும். நாலு வார்த்தை பேச வேண்டும். குறைவதும் ஒரு வளர்ச்சிதான் என்று யாராவது சொன்னால், வேதாந்தம் பேசுகிறார் என்று நகர்ந்துவிடுவோம். ஆனால் உடம்பு அந்த வேதாந்தத்தை மெய்யாகவே நடத்திக் காட்டுகிறது.

1970-இல் ரெட்ஃபெர்ன் என்ற ஆராய்ச்சியாளர், பிறந்த எலிக்குஞ்சின் உதரவிதானத் தசையைச் சோதித்துப் பார்த்தார். ஒரே தசைநாரைப் பல நரம்பிழைகள் பற்றிக்கொண்டிருந்தன. இரண்டு மூன்று வாரங்களில் ஒன்றே ஒன்று தங்கியது, மற்றவை விலகிவிட்டன. நரம்பணுக்கள் சாகவில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டன, அவ்வளவுதான்.

தங்குவது யார், விலகுவது யார்? தசையை நன்றாக வேலை வாங்கும் இழைக்கே வெற்றி. இந்த வழக்கில் புரதங்களும் சாட்சி சொல்கின்றன. பி.டி.என்.எஃப். என்று ஒரு புரதம். வெட்டுப்படாத முன்வடிவில் இருக்கும்போது அது நரம்பிழையைப் பின்வாங்கச் செய்கிறது. வெட்டுப்பட்டு முதிர்ந்தபின் அதே புரதம் இழைக்கு ஆதரவாகிறது. பத்துப் பாத்திரங்களோடு நாவலைத் தொடங்கி, ஆறு பேரைப் பாதியில் அனுப்பிவிடுகிற எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்துப்போயிற்று. சிக்கனமான ஆசிரியர்தான் இயற்கை!

ஆனால் அது ஈவிரக்கமற்ற ஆசிரியர் அல்ல. நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலினை வாங்கிக்கொள்ளத் தசையில் ஒரு வாசல் இருக்கிறது. ஐந்து புரதத் துண்டுகளால் கட்டிய வாசல் அது. கருவில் அவற்றுள் ஒன்று 'காமா'. பிறப்பை ஒட்டி அது ஒதுங்க, 'எப்ஸிலான்' என்ற துண்டு அந்த இடத்துக்கு வருகிறது.

என் சிநேகிதர் ஒருவரின் பேரனுக்கு அந்த எப்ஸிலான் பிறவியிலேயே சரியாக அமையவில்லை. காலையில் ஓடியாடுவான்; சாயங்காலம் இமை தொங்கும், மாடிப்படி ஏற முடியாது. பள்ளிக்கூடத்தில் அவனுக்குச் சோம்பேறி என்று பட்டம். விளையாட்டு மைதானத்தைச் சுற்றி ஓடு என்று தண்டனை வேறு! வருஷக்கணக்கில் அப்படியே நடந்தது. கடைசியில் ஒரு டாக்டர்தான் விஷயத்தைக் கண்டு சொன்னார். இப்போது மாத்திரை சாப்பிடுகிறான், மாடி ஏறுகிறான்.

எப்ஸிலான் அடியோடு இல்லாத பிள்ளைகள்கூடப் பிழைத்திருக்கிறார்கள். எப்படி என்று கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஒதுங்கிப்போன காமா முழுக்கப் போய்விடவில்லை. கொஞ்சமே கொஞ்சமாக மிஞ்சியிருந்து, பழைய வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர், பிள்ளை கைவிட்ட குடும்பத்தைத் தாங்குகிற மாதிரி.

ஆகையால், உங்கள் வீட்டுப் பிள்ளை தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் துவண்டு உட்கார்ந்தால், திட்டுவதற்கு முன் அவன் இமையைக் கொஞ்சம் பாருங்கள். தொங்கினால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சோம்பல் என்ற சொல்லைப் பிறகு பயன்படுத்திக்கொள்ளலாம். அது எங்கும் ஓடிவிடாது.