போட்டோல நின்னாத்தான் கூலி

பிரைவசின்னாலே ஏசி ரூம் சமாச்சாரம்னு நெனைக்கிற மக்களுக்கு, மொதல்ல ஒரு பழைய வழக்கு. எல்.ஐ.சி.யில வேலைக்குச் சேர்ந்த நீரா மாத்தூரை தகுதிகாண் காலத்துலயே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. சேரும்போது நிரப்புன பாரத்துல பொய் சொல்லிட்டாங்களாம். அந்தப் பாரம் என்ன கேட்டுச்சு தெரியுமா? கடைசி மாதவிலக்குத் தேதி! 1991-ல உச்ச நீதிமன்றம் வேலையைத் திருப்பிக் குடுத்து, அந்த மாதிரி கேள்விகளை எடுக்கவும் சொல்லிச்சு.

காலேஜ் பக்கம் வந்தா, கோழிக்கோட்டுப் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல சாயங்காலம் செல்போன் வச்சிருக்கக் கூடாதுன்னு ரூல். ஃபஹீமா ஷிரின்ங்கிற மாணவி ஒத்துக்கல, வெளியேத்திட்டாங்க. 2019-ல கேரள ஹைகோர்ட், இணையம் கல்வி உரிமையிலயும் அந்தரங்க உரிமையிலயும் சேர்த்தின்னு சொல்லி, திரும்பச் சேக்கச் சொல்லிச்சு. அதுக்குத் தெம்பு குடுத்தது 2017-ல 9 நீதிபதிகள் ஒருமனதா சொன்ன புட்டசாமி தீர்ப்பு: அந்தரங்கம் அடிப்படை உரிமை.

சரி, இப்ப எங்க குருவிகுளத்துக்கு வாங்க.

2023 ஜனவரி 1-லருந்து நூறு நாள் வேலைக்கு செல்போன் ஆப்ல வருகைப் பதிவு கட்டாயமாச்சு. ஒரு நாளைக்கு ரெண்டு போட்டோ, இடமும் நேரமும் பதிவாகணும். ஊருக்குப் போயிருந்தப்ப எங்க ஆபீஸ் கேமராவைப் பத்தி சித்திகிட்ட பொலம்புனேன். "ஒன்னயவாது கையெழுத்து வாங்கிட்டுப் புடிக்காவ. எங்களுக்கு போட்டோல நின்னாத்தான் கூலி"ன்னாங்க. சிக்னல் இல்லாத காட்டுல போட்டோ ஏறலேன்னா பாத்த வேலைக்கே ஆபத்து. அந்தப் படங்களை இணையதளத்துல யாரும் பாக்கலாம்ங்கிறது அவங்களுக்குத் தெரியாது.

போலி வருகையைத் தடுக்கத்தானேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா வருகைப் பட்டியலை ஊரறிய வைக்கணும்னு 1990-கள்ல ராஜஸ்தான் கூலிக்காரங்க போராடினது, அதிகாரியை ஜனங்க கண்காணிக்க. போட்டோல கண்காணிக்கப்படுறது ஜனங்க. கேமரா அப்படியே திரும்பிருச்சு.

2023-ல வந்த தனிநபர் தரவுச் சட்டத்தோட 7-வது பிரிவும், வேலை சம்பந்தமான தேவைக்குன்னா ஊழியர் சம்மதம் இல்லாமலே தகவலை எடுத்துக்கலாம்ங்குது. ஆபீஸ்காரனுக்கும் பெருசா ஒண்ணும் மிச்சமில்லை :-)

எனக்குத் தோணுறது இதுதான். பாரத்தையும் ஹாஸ்டல் ரூலையும் கோர்ட்டுக்கு இழுக்க ஒருத்தர் இருந்தாங்க. அன்னன்னிக்குக் கூலியை நம்பி இருக்கிறவங்க, "எம் மொகத்தை எதுக்கு எடுக்கீங்க, எங்க வைக்கீங்க"ன்னு கேட்டாலே அன்னிக்குக் கூலி போயிரும்னு பயப்படுவாங்க. உரிமைன்னு ஒண்ணு இருந்தா, மொதல்ல இந்தக் கேள்வியைப் பயமில்லாம கேக்க முடியணும்.

உங்க ஆபீஸ்ல, காலேஜ்ல யாராவது கேட்டிருக்கீங்களா?