மணிக்கணக்கில் ஓடும் இன்ஜின்

கோம்பை மலையடிவாரத் தென்னந்தோப்புகளில் ரொட்டவேட்டர் ஓட்டும் டிராக்டர்காரர் அவர். கூலி, மணிக்கணக்குதான். ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் அவர். கூடவே கடன் கொடுத்த வங்கியின் பெயரும் இருக்கிறது. கடன் முடிய இன்னும் ஒரு வருஷம். இந்த நேரம் பார்த்து இன்ஜின் புகை தள்ளியது. ‘இறக்கித்தான் பார்க்கணும்’ என்றார் மெக்கானிக். கையில் பணமில்லை.

அவருடைய அக்கா மகன் விமானப் பராமரிப்புப் படித்து, சென்னையில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தவனிடம் பேச்சுவாக்கில் கேட்டார்.

“ஏன் மாப்ள, பிளேன் இன்ஜின் என்ன வெல இருக்கும்?”

“நூறு கோடியத் தாண்டும் மாமா. அதுவும் ஒரு பக்கத்துக்கு!”

அவன் சொன்னது லீப் என்ற இன்ஜினை. இண்டிகோவின் ஏர்பஸ் விமானங்கள் பலவற்றில் இருப்பது இதுதான். முன்பக்க விசிறி மட்டுமே ஆறரை அடி விட்டம். எடை சுமார் 3 டன். தள்ளுவிசையோ 12 டன்னையும் தாண்டும். விசிறி இழுக்கும் காற்றில் ஒரு பங்குதான் உள்ளே போய் எரிபொருளோடு எரிகிறது. சுமார் 11 பங்கு வெளிவழியாகவே பின்னால் தள்ளப்படுகிறது. எரிபொருள் மிச்சமாவது அதனால்தான்.

2019-ல் 280 விமானங்களுக்கு இந்த இன்ஜின்களை இண்டிகோ கேட்டபோது, பட்டியல் விலைப்படி ஒப்பந்த மதிப்பு 2,000 கோடி டாலருக்கு மேல். உபரி இன்ஜின்களும் பராமரிப்புச் செலவும் அதிலேயே அடக்கம்.

“அம்புட்டுக் காசுக்கு எங்க போவாக?”

“வாடகைக்கு எடுப்பாங்க மாமா. பிளேன் ஒருத்தருது, இன்ஜின் இன்னொருத்தருதுன்னுகூட இருக்கும். உடமைக்காரர் பேரைத் தகட்டுல அடிச்சு இன்ஜின்லயே மாட்டியிருப்பாங்க.”

வாடகை நின்றால்? 2024 ஆகஸ்ட்டில் டெல்லி உயர் நீதிமன்றம், பாக்கி வைத்திருந்த ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்திடம் மூன்று இன்ஜின்களை நிறுத்தி, பிரான்ஸ் நாட்டு உடமைக்காரர்களிடம் திருப்பித் தரச் சொன்னது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. இன்ஜின் போன பிறகு விமானம் வெறும் கூடுதான்.

டிராக்டர்காரர் தன் ஆர்.சி. புத்தகத்தை நினைத்துக்கொண்டார்.

“பழுதானா யாரு பாக்குறது?” என்று கேட்டது அவர் மனைவி.

அதற்கும் வழி இருக்கிறது. 1962-லேயே பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம், ஓடும் மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பராமரிப்பைத் தானே ஏற்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. இன்ஜினை வாடகைக்கு விடுகிறவர்களும் பல ஒப்பந்தங்களில், பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் பராமரிப்புக்கென்று தனியே ஒரு தொகை வாங்கி வைக்கிறார்கள். ஏனென்றால், உள்ளே சுழலும் முக்கியமான தட்டுகளுக்கு ஆயுள் எண்ணப்பட்டிருக்கிறது. ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு சுற்று. எண்ணிக்கை முடிந்தால், பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்தாலும் மாற்றியே தீர வேண்டும். எந்தத் தட்டு எத்தனை சுற்று ஓடியது என்ற பதிவேடு தொலைந்தால், இன்ஜின் மதிப்பே சரிந்துவிடும்.

“அப்பன்னா, பழுது வந்த பெறகு காசு தேடுறதில்ல. ஓடும்போதே எடுத்து வச்சுருறாக” என்றார் அவர் மனைவி. “நம்ம வண்டி சம்பாதிக்கிற காசுல வண்டிக்கும் பங்கு உண்டுல்ல?”

அந்தத் தடவை அவருடைய சங்கிலியை அடகு வைத்துத்தான் இன்ஜின் இறங்கியது. வண்டி மறுபடி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் ஒரு நோட்டு இருக்கிறது. மீட்டரில் ஏறும் மணி, மாற்றிய ஆயில், ஃபில்டர் எல்லாம் அதில் ஏறும். மணிக்கு நூறு ரூபாய் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போகும்.

ஜூன் மாதம் பள்ளிக்கூட ஃபீஸுக்கு அதில் கைவைக்கப் பார்த்தார் டிராக்டர்காரர்.

“அது வண்டியோட காசு” என்று பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார் மனைவி.