சீரங்கப்பட்டணத்துத் தண்ணீர்

எங்கள் பக்கத்தை ஆண்டவர்கள் கோட்டை கட்டினார்கள். கோடைக்கு ஒதுங்க ஒரு மாளிகை கட்டவில்லை. நாமக்கல்லில் ஒற்றைப் பாறையின் தலையில் ஒரு கோட்டை, சங்ககிரியில் மலையைச் சுற்றி ஏறிப்போகும் இன்னொன்று. சித்திரை மாதத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நிழல் என்பது சுவரோரம் ஒரு முழம். வெள்ளைக்காரர்கள் ஏற்காட்டுக்கு ஏறிக்கொண்டார்கள். நாங்கள் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டோம். ராஜாவின் கோடை மாளிகை என்று ஒன்றைக் கண்ணால் பார்க்க, மே மாத விடுமுறையில், எங்கள் வேன் சீரங்கப்பட்டணம் வரை போக வேண்டியிருந்தது.

இப்போது லண்டனில் இருக்கிறேன். கியூ தோட்டம் கூப்பிடு தூரம். அதற்குள்ளேயே ஓர் அரச மாளிகை இருக்கிறது. 1631-இல் எழும்பிய செங்கல் வீடு, மூன்றாம் ஜார்ஜ் குடும்பத்தோடு கோடையைக் கழித்த இடம். திப்புவோடு போர் நடந்த காலமெல்லாம் இங்கிலாந்துக்கு மன்னர் இவர்தான். வீடு பளிச்சென்று இருக்கிறது. வருகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், தணிந்த குரலில் பேசுகிறார்கள். யாரும் யாரையும் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, "இங்க ஓடியா சாமி, இதப் பாரு" என்று கத்திக் கூப்பிடுவதில்லை.

கூப்பிட்டவள் என் அம்மாயி.

வேன் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பும். லாரி ஓட்டிய மாமா ஒருவர் ஓட்டுவார். நாமக்கல் பக்கம் லாரி ஓட்டாத மாமா எந்த வீட்டில் இருந்தார்? திருச்செங்கோடு, ஈரோடு, சத்தியமங்கலம். பண்ணாரியில் இறங்கி அம்மனுக்குக் கற்பூரம். பிறகு திம்பம், 27 கொண்டை ஊசி வளைவுகள். வீரப்பன் காலம் அது. காடு நெருங்கியதும் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள், மாமா பாட்டை மட்டும் நிறுத்த மாட்டார். கேசட்டின் ஒரு பக்கம் முடிந்து டக்கென்று நிற்கும். இருட்டில் யாரோ எக்கி அதைத் திருப்பிப் போடுவார்கள். அந்த இடைவெளியில் எஞ்சினின் முக்கலும், பின்சீட்டில் புளிச்சோற்று வாளியின் மூடி ஆடுவதும் கேட்கும், அதற்குள் அடுத்த பாட்டு வந்துவிடும். இன்று என் காரில் பாட்டு நிற்பதே இல்லை. எத்தனை மணி நேரமானாலும் தானாகவே அடுத்தது, அதற்கடுத்தது. அந்த டக் எங்கே போயிற்று?

உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு சத்தம் இருக்கும். வெளியில் சொன்னால் சிரிப்பார்களே என்று சொல்லாமல் வைத்திருப்பீர்கள்.

2022 பிப்ரவரியிலிருந்து திம்பத்தில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. யானைக்கும் சிறுத்தைக்கும் நல்லது, செய்ய வேண்டியதுதான். ஆனால் நடுச்சாமத்தில் மலையேறி, விடியும்போது கன்னடத்துப் பலகைகளைப் பார்த்துக் கண் விழிக்கிற அந்தப் பயணம் இனி யாருக்கும் இல்லை.

தரியா தௌலத் பாக். 1784-இல் திப்பு கட்டியது. வாசலிலிருந்து நேராக ஒரு பாதை, இருபுறமும் தோட்டம், கோடியில் மேடை மேல் தேக்கு மாளிகை. தூரத்திலிருந்து பார்த்தால் ஏமாற்றம்தான். ஓவியங்களில் வெயில் படாமலிருக்கச் சுற்றிலும் பச்சைத் திரை தொங்கவிட்டிருப்பார்கள். திரைக்குள் நுழைந்து கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் சுவர் துலங்கும். உள்ளங்கை அளவு இடம்கூட வெறுமையாக விடாமல் பூவும் கொடியும். எங்கள் வீட்டுப் பெண்களின் கேள்வி வேறு: சமையல்கட்டு எங்கே, இவ்வளவு பேருக்கு எங்கே ஆக்குவார்கள்?

மேற்குச் சுவரில் பொள்ளிலூர்ப் போர். காஞ்சிபுரத்துப் பக்கம், 1780 செப்டம்பரில், ஹைதரும் திப்புவும் கும்பினிப் படையை முறியடித்த கதை. செஞ்சட்டைச் சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து நிற்கிறார்கள். நடுவே பல்லக்கில் காயம்பட்ட கர்னல் பெய்லி. பின்னால் வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. இவ்வளவு அமளியிலும் திப்பு ஒரு பூவை முகர்ந்துகொண்டிருக்கிறார். அம்மாயி அதைத்தான் பிடித்துக்கொண்டாள். "சண்டைக்கு வந்த எடத்துல பூவ மோந்துக்கிட்டு இருக்கறான் பாரு கண்ணு. தோட்டக்காரன்!" எந்த வழிகாட்டியும் இவ்வளவு சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. 1799-இல் திப்பு விழுந்த பிறகு ஆர்தர் வெல்லெஸ்லி அந்த மாளிகையிலேயே குடியேறினார். பின்னால் டல்ஹவுசி காலத்தில் மங்கிய ஓவியங்களுக்கு மறுபடி வண்ணம் ஏற்றினார்கள். தங்களவர் தோற்றதைத் தாங்களே புதுப்பித்து வைத்தார்கள். அந்த மனசு எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

மாளிகை முடிந்ததும் சங்கமம். தீவைச் சுற்றிப் பிரிந்த காவிரி மறுபடி சேரும் இடம். பவானியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது இன்னொரு கூடுதுறை. அம்மாயி பரமத்தி வேலூர்க்காரி, கொடிக்கால் வீட்டுப் பெண். முழங்கால் தண்ணீரில் நின்று முகம் கழுவிவிட்டு, "இது நம்மூட்டுத் தண்ணிதான், மொத வாசல்ல நிக்கறோம்" என்பாள். ஹொகேனக்கல் இறங்கி, மேட்டூரில் தேங்கி, ஜேடர்பாளையத்தில் ராஜவாய்க்காலுக்குள் திரும்பி, அவள் அப்பன் வீட்டுக் கொடிக்காலுக்குப் பாய்கிற தண்ணீர். அவளைப் பொறுத்தவரை திப்பு, ஆற்றுக்கு மேலே தோட்டம் வைத்திருந்த ஒரு பங்காளி. நாங்கள் கீழ்மடைக்காரர்கள். தண்ணீர் முறை விஷயத்தில் அவருக்கும் நமக்கும் மனத்தாங்கல் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

அவள் அறியாத ஒன்று. 1792 முற்றுகையில் கும்பினிப் படை, அதே தீவின் லால்பாக் தோட்டத்தில் புகுந்து, திப்பு ஆசையாய் வளர்த்த மரங்களை வெட்டி முற்றுகைக்குத் தடுப்புக் கட்டியது. அந்த மரங்கள் விழுந்த வருஷம்தான் உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் கைமாறின. அலெக்சாண்டர் ரீட் வந்தார், துணைக்குத் தாமஸ் மன்றோ. அவளிடம் சொல்லியிருந்தால் சேலம் போனதற்கு வருத்தப்பட்டிருக்க மாட்டாள். மரத்துக்குப் பட்டிருப்பாள். சொல்ல அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தபோது, கேட்க அவள் இல்லை.

கொடிக்காலையும் சொல்ல வேண்டும். அகத்தி வரிசையாக நிற்கும், அதன்மேல் வெற்றிலை ஏறும். குனிந்துதான் நுழைய வேண்டும். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே பச்சை இருட்டு, காலடியில் சில்லென்ற சேறு. கிள்ளிய வெற்றிலையை அவள் வாய் எண்ணாது, விரல் எண்ணும். கவுளி சேர்ந்ததும் கை தானாக நிற்கும். நாங்கள் குனிந்து நுழைந்த கோடை மாளிகை அதுதான். அந்த நிலத்தை விற்றாகிவிட்டது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. படிப்புச் செலவு, கல்யாணச் செலவு. படித்தவர்களில் நானும் ஒருவன்.

கியூவின் பெரிய கண்ணாடி மாளிகையில் வாழை இருக்கிறது. கதவைத் திறந்ததும் புழுக்கம் முகத்தில் அடிக்கும், ஒரு நொடி வேலூர்த் தோப்புக்குள் நிற்பதாகவே தோன்றும். பிறகு மண்வாசனைக்கு மூக்கு தேடும். வாய்க்கால் சலசலப்புக்குக் காது தேடும். மரத்தடியில் பெயர்ப்பலகை கண்ணில் படும். போதும் என்று வெளியே வந்துவிடுவேன்.

சீரங்கப்பட்டணத்திலிருந்து வந்தது ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், திப்புவின் மரப்புலி. வெள்ளைக்காரன் மேல் ஏறி நிற்கும் அதன் வயிற்றுக்குள் ஓர் இசைப்பெட்டி. கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும், அடியில் கிடப்பவன் கையைத் தூக்கி அலறுவான். 1808 முதல் கும்பினியின் லண்டன் அலுவலகத்தில் வேடிக்கைப் பொருளாக இருந்தது. பார்க்கக் கட்டணம் இல்லை, எப்போதும் போகலாம். நான் போன நாட்களில் அது உறுமிக் கேட்டதில்லை.

அம்மாயியின் குரலும் பதிவில் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். போன் கையில் வராத காலம். தம்பி மகளின் காதுகுத்து வீடியோ கேசட்டில், பந்தியில் யாரையோ "இன்னொரு கரண்டி ஊத்திக்கங்க" என்று அவள் அதட்டுவதாக அக்கா சொல்கிறாள். கேசட்டில் பூஞ்சை பிடித்திருக்கிறதாம். சேலத்தில் ஒரு கடையில் சுத்தம் செய்து மாற்றித் தருவார்கள் என்று கேள்வி, விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். தம்பியிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.