ஜிம்மியின் தண்ணீர்ச் சட்டி



எங்கள் பாடசாலை வாசலில் படுத்திருக்கும் ஜிம்மியை மானிப்பாயில் கனபேருக்குத் தெரியும். போன மாதம் அது செத்துப்போச்சு. வாய்க்குள்ளே புற்றுநோய்க் கட்டி. மெலனோமா என்று மிருக வைத்தியர் சொன்னார்.

எங்கள் வீடுகளில் நாய் வளர்ப்பது வழக்கமில்லை. எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தடவை கழுவுவோம். ஆனால் தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்தான் என்று சொன்னதும் எங்கள் நபி (ஸல்) அவர்கள்தான். அந்த நினைப்பில் ஒவ்வொரு நாளும் ஜிம்மிக்குச் சட்டியில் தண்ணீர் வைப்பேன். ஒருநாள் தண்ணீரில் இரத்தம் கலந்திருந்தது. பல்லில் ஏதோ என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்துத்தான் காட்டினோம். வெட்டி எடுத்தார்கள். திரும்ப வந்தது, நுரையீரலுக்கும் போய்விட்டது.

"சேர், வெட்டினாப் பிறகும் ஏன் வந்தது?" என்று தரம் 9 பிள்ளை ஒன்று கேட்டது. அது ஜிம்மியைப் பற்றிய கேள்வி மட்டுமில்லை. தெல்லிப்பழைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போய்வருகிறவர்கள் எங்கள் பிள்ளைகளின் வீடுகளிலும் இருக்கிறார்கள். அதனால் வாசித்து விளங்கப்படுத்தினேன்.

கோரைப்புல்லை மேலால் செருக்கினால் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். கத்தியும் கதிர்வீச்சும் அந்த இடத்துக் கட்டியை அழிக்கும். இரத்தத்தோடு போன கலங்களைப் பிடிக்க வேண்டியது உடம்பின் காவல்காரர். ஆனால் புற்றுநோய்க் கலம் நம்முடைய சொந்தக் கலம்தானே, ஊர்க்காரன் என்று விட்டுவிடுவார்கள். அவனை அடையாளம் காட்டிக் கொடுப்பதுதான் நோயெதிர்ப்புச் சிகிச்சை.

நாய்களின் வாய் மெலனோமாவுக்கான ஒரு தடுப்பூசிக்கு அமெரிக்காவில் 2010 இல் முழு அனுமதி கொடுத்தார்கள். அதில் இருப்பது மனிதரின் டைரோசினேஸ் என்ற புரதத்துக்கான மரபணு. நாயின் புரதத்தை ஒத்தது, ஆனால் கொஞ்சம் வேறு. அந்த வித்தியாசத்தில் காவல்காரர் விழித்து, அதே புரதமுள்ள கட்டியையும் தாக்குவார்கள். முதலில் கட்டியை வெட்டியோ கதிர்வீச்சாலோ அடக்கியிருக்க வேண்டும். எல்லா நாய்க்கும் பலன் கிடைப்பதில்லை, ஆய்வு முடிவுகளும் ஒரேமாதிரி இல்லை. டார்ட்மவுத் ஆய்வாளர்கள் இன்னொரு வழி பார்த்தார்கள். கௌபிச் செடிக்கு நோய் கொடுக்கும் வைரஸின் வெறும் கோதைக் கட்டிக்குள்ளேயே ஊசியால் ஏற்றி, கூடவே கதிர்வீச்சும் கொடுத்தார்கள்.

"மனிசருக்கு?" என்றது பிள்ளை. கையில் இருக்கும் பிசிஜி தழும்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். காசநோய்க்குப் போட்ட அதே மருந்தை, சிறுநீர்ப்பையில் கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு உள்ளே விடுகிறார்கள். 1976 இல் கனடாவில் மொராலெஸ் என்ற வைத்தியர் இதை அறிவித்தார். இன்றும் செய்கிறார்கள்.

கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த ஊர் இது. நாமும் இதைத் தமிழில் பேசுவோம்.

ஜிம்மிக்கு அந்தத் தடுப்பூசி எங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் நான் பிந்திவிட்டேன். உங்கள் நாய்க்கு வாய் நாற்றம், வீணி வடிதல், இரத்தம், பல் ஆட்டம் இருந்தால் உடனே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். உங்கள் வாயில் ஆறாத புண் இருந்தாலும் அப்படித்தான், தள்ளிப்போடாதீர்கள்.

சட்டியை எடுக்கவில்லை. இப்போது ஒரு குட்டி வருகிறது. அது குடித்துவிட்டுப் போனதும் தண்ணீரை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன்.